எத்தனை மில்லிவாட்?



அரபி இலக்கணமும் மக்தப் பிள்ளைகளுக்கு ஓதலும் கற்றுக் கொடுத்துக் காலம் கழிக்கும் ஒருவன், லேசர் ஒளியின் வலுவை அளக்கும் கருவியைப் பற்றி எழுத வந்திருக்கிறானே என்று தாங்கள் வியப்படையக் கூடும். கல்லூரியில் நான் படித்தது வரலாறு. இயற்பியலுக்குப் பள்ளிக்கூடத்திலேயே சலாம் சொல்லி விட்டவன். ஆயினும் இரண்டு ஆண்டுகளாக என் மாலை நேரத்தில் ஒரு பகுதியை அந்தச் சிறு கருவி எடுத்துக் கொண்டிருக்கிறது. மதுரையில் ஒரு கண் மருத்துவர் என்னிடம் கேட்ட கேள்வியே அதற்குக் காரணம்.

அது ஷஅபான் பிறை பார்க்கும் மாலை. இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் மேற்குத் திசை முழுவதும் தென்னந்தோப்பு. ஆகவே பிறை பார்க்க வேண்டுமானால் மாடிக்குத்தான் ஏற வேண்டும். வானத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது என் நெடுநாள் வழக்கம். விரலால் சுட்டிக் காட்டினால் பத்துப் பிள்ளைகள் பத்துத் திசையைப் பார்ப்பார்கள். அந்தக் குறையைத் தீர்க்கவே பச்சை நிற லேசர் விளக்கு ஒன்றை அஞ்சலில் தருவித்திருந்தேன். பேனா அளவுதான் இருக்கும். பொத்தானை அழுத்தினால் இருளில் பச்சைக் கோடு ஒன்று கிளம்பி, நட்சத்திரத்தையே தொட்டு விட்டது போல் நிற்கும். அதன் உடம்பில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டில் ‘5 மில்லிவாட்டுக்குக் குறைவு’ என்று அச்சிடப்பட்டிருந்தது. அந்தச் சீட்டை நான் நம்பினேன்.

அன்று பிறை தென்பட்டது. மகிழ்ச்சியோடு எல்லோரும் தொழுகைக்கு இறங்கிய அவசரத்தில் விளக்கைக் கைப்பிடிச் சுவர் மீது மறந்து வைத்து விட்டேன். பன்னிரண்டு வயதான என் தங்கை மகனும் அவன் தோழனும் பின்தங்கியவர்கள், கண் சிமிட்டாமல் அதை யார் அதிக நேரம் பார்ப்பது என்று பந்தயம் கட்டியிருக்கிறார்கள். மறுநாள் காலை ஓத உட்கார்ந்த மருமகன் என்னிடம், “மாமா, எழுத்துக்கு நடுவுல ஒரு புள்ளி நிக்குது. தேய்ச்சாலும் போகல” என்றான்.

மதுரையில் அவனுடைய விழித்திரையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். வலது கண்ணில், பார்வையின் நடுவிடத்திற்கு மயிரிழை தள்ளி, வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு வடு. மருத்துவர் அதை எனக்குக் காட்டி விட்டு, “அந்த விளக்கு எத்தனை மில்லிவாட்?” என்று கேட்டார். ஐந்துக்குள்தான் என்று நான் உறுதியாகச் சொன்னேன். “சீட்டில் போட்டிருப்பதைக் கேட்கவில்லை. யாராவது அளந்தார்களா?” என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. என் தங்கை அருகில் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வரும் பேருந்தில் அவள் என்னை ஒரு வார்த்தை கூடக் கடிந்து கொள்ளவில்லை என்பதே என்னை மிகவும் வருத்தியது.

மில்லிவாட் என்பது ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் வீட்டுக் கூடத்தில் ஒன்பது வாட் விளக்கு எரிகிறது. அதன் கீழே உட்கார்ந்து எழுதுகிறோம், கண்ணுக்கு ஒன்றும் ஆவதில்லை. அப்படியிருக்க ஐந்து மில்லிவாட்டுக்கு அஞ்சுவானேன் என்று தோன்றும். வேறுபாடு பரவுவதில் இருக்கிறது. வீட்டு விளக்கின் ஒளி நாலாபுறமும் சிதறி, அதில் மிகச் சிறிய பங்கே கண்மணிக்குள் நுழைகிறது. லேசரோ சிதறாமல் ஒரே கோடாக வருகிறது. கண்ணில் இருக்கும் இயற்கை வில்லை அக்கோட்டை முழுவதுமாக வாங்கி விழித்திரையில் ஊசிமுனை அளவுகூட இல்லாத இடத்தில் குவித்து விடுகிறது. கண்ணின் மேற்பரப்பில் விழும் ஒளி விழித்திரையைச் சேரும்போது ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு செறிவாகி விடும் என்று நூல்கள் கூறுகின்றன. ஒரு மில்லிவாட் வரையிலான கண்ணுக்குத் தெரியும் ஒளியானால், கால் நொடிக்குள் கண் தானே மூடிக் கொண்டு தன்னைக் காத்துக் கொள்ளும். அதற்கு மேற்பட்டால் அந்தக் காவல் போதாமல் போகும். பந்தயம் கட்டி விழித்துப் பார்த்தால் அந்தக் காவலும் இல்லை.

இந்த இடத்தில் வரலாறு படித்தவனுக்கு ஒருவர் நினைவுக்கு வராமல் போக மாட்டார். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைஸம், பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் நூலில், பார்வை என்பது கண்ணிலிருந்து புறப்படும் கதிரால் நிகழ்வதன்று, வெளியிலிருந்து கண்ணுக்குள் வரும் ஒளியால் நிகழ்வது என்று நிறுவினார். அதற்கு அவர் முதலிலேயே எடுத்து வைக்கும் சான்றுகளில் ஒன்று, கடுமையான ஒளியைப் பார்த்தால் கண் நோகிறது, பார்வையை விலக்கிய பிறகும் அந்த ஒளியின் சாயல் சிறிது நேரம் நிற்கிறது என்பதாகும். பிள்ளைகளிடம் பலமுறை பெருமையோடு சொல்லியிருக்கிறேன். கடுமையான ஒளி கண்ணைத் தாக்கும் என்று வாயால் சொல்லிக் கொண்டே கையில் அந்த விளக்கை வைத்திருந்தேன்.

அளக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றிரவே வந்து விட்டது. விசாரித்துப் பார்த்ததில் ஆய்வுக்கூடங்களில் பயன்படுத்தும் அளவுமானிகள் லட்ச ரூபாயைத் தாண்டும் என்று தெரிந்தது. பொழுதுபோக்காக லேசர் வைத்து விளையாடுவோருக்கென்று மலிவான கருவிகளும் உண்டு. அவற்றில் ஒன்று ஒன்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது. எனக்கு மூக்குக் கண்ணாடியும் வீட்டுக்கு ஒரு மின்விசிறியும் வாங்க ஒதுக்கி வைத்திருந்த தொகை அது.

பெட்டியைப் பிரித்ததும் என் மனைவி, “மச்சான், இது என்ன, தங்கம் நிறுக்கிற தராசா?” என்றாள். வெளிச்சம் நிறுக்கிற தராசு என்றேன். “அப்போ கண்ணாடி?” என்றாள். அடுத்த மாதம் என்றேன். இந்தச் சிறு உரையாடலைத் தாங்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

ஒளியை நிறுப்பது என்பது விஞ்ஞானிகளுக்கே தொடக்கத்தில் எளிதாக இருக்கவில்லை. 1960ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்தார். அதைத் தொடர்ந்த நாள்களில் ஆய்வாளர்கள் லேசர் துடிப்பின் வலுவைச் சொல்ல, முகம் மழிக்கும் பிளேடுகளை அடுக்கி வைத்து அது எத்தனை பிளேடுகளைத் துளைக்கிறது என்று எண்ணினார்களாம். ‘இத்தனை கில்லெட்’ என்றே அதற்கு அலகும் வைத்துக் கொண்டார்கள்.

என் கருவி அப்படி எதையும் துளைக்காது. கைக்கு அடக்கமான பெட்டி. அதிலிருந்து ஒரு கம்பி, கம்பியின் முனையில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சிலிக்கான் சில்லு. ஒளி அதன்மேல் பட்டால் சிறு மின்னோட்டம் பிறக்கும், அதைக் கணக்கிட்டுத் திரையில் மில்லிவாட்டாகக் காட்டும். 40 மில்லிவாட் வரை தாங்கும். அறை வெளிச்சமும் கணக்கில் ஏறி விடும் ஆதலால் ஜன்னலைச் சாத்திக் கொள்ள வேண்டும். விளக்கையும் சில்லையும் எப்போதும் மேசை மட்டத்தில், அமர்ந்திருப்பவர் கண்ணுக்கு வெகு கீழே வைத்து, பின்னால் கறுப்புத் துணி தொங்க விட்டுத்தான் அளப்பேன். அந்நேரம் பிள்ளைகளுக்கு அறையில் இடமில்லை.

முதன்முதலில் அளந்தது அந்தப் பச்சை விளக்கைத்தான். புது பாட்டரி போட்டிருந்தேன். எண் ஏறி இறங்கி அலைந்தது. ஒரு நிமிடம் பொறுத்து 32இல் நின்றது. சீட்டு சொன்னது ஐந்துக்குக் கீழ். நான் விளக்கை அணைத்து விட்டு வெகு நேரம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இது என் விளக்குக்கு மட்டும் வந்த கேடு அல்ல. அமெரிக்க அரசின் அளவீட்டு நிறுவனமான நிஸ்ட், 122 லேசர் சுட்டு விளக்குகளைச் சோதித்து 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, பச்சை விளக்குகளில் ஏறத்தாழ 90 விழுக்காடும் சிவப்பு விளக்குகளில் 44 விழுக்காடும் அந்நாட்டின் பாதுகாப்பு விதிக்குப் பொருந்தவில்லை. அங்கே சீட்டுக்கும் சட்டத்துக்கும் காவலர்கள் உண்டு. அங்கேயே இந்த நிலை.

செய்தி பரவியதும் ஊரில் பலர் தம் பிள்ளைகளிடமிருந்து பறித்த விளக்குகளைக் கொண்டு வந்தார்கள். சாவிக் கொத்தில் தொங்கும் சிவப்பு விளக்குகள் பெரும்பாலும் இரண்டு, மூன்று என்றே காட்டின. ஒன்று மட்டும் ஏழு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு நாள், நிறம், சீட்டு சொல்வது, கருவி சொல்வது என்று எழுதி வந்தேன். எங்கள் தெருவில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் தம்பியும் வந்தார். சந்தனக்கூடு சமயத்தில் அவர் கடை பரப்புவது வழக்கம். அவ்வாண்டு புதுச் சரக்காக ஊதா நிற லேசர் பேனா பன்னிரண்டு வாங்கியிருந்தார். “ஹஜ்ரத், நீங்க பார்த்துச் சொன்னாத்தான் விப்பேன்” என்றார்.

அவர் அப்படிக் கேட்டது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது, மறைப்பானேன்? பன்னிரண்டையும் அளந்தேன். எல்லாம் நாலை ஒட்டியே நின்றன. அதிகபட்சம் 4.1. சீட்டும் ஐந்துக்குக் கீழ் என்றது. கண்ணுக்கும் அந்த ஒளி மிக மங்கலாகவே தெரிந்தது. “சீட்டு பொய் சொல்லவில்லை, கண்ணில் மட்டும் அடிக்கக் கூடாது என்று சொல்லி விற்கலாம்” என்றேன். அவர் ஒவ்வொன்றின் அடியிலும் நீல மையில் ஒரு ‘சரி’க் குறி போட்டுக் கொண்டார். கடையில், ஹஜ்ரத் சோதித்துப் பார்த்தது என்று வாயால் சொல்லியும் விற்றிருக்கிறார்.

இதற்கிடையில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், இப்போது குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர், வேறு வகை அளவுமானி ஒன்றை வீட்டிலேயே செய்து தருவதாகச் சொன்னார். சிறு குளிர்பெட்டிகளில் பெல்டியர் என்றொரு வெள்ளைத் தகடு இருக்கிறது. மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். அதையே மாற்றிப் போட்டு, ஒரு பக்கத்தைச் சூடாக்கினால் அது மின்னழுத்தம் தரும். இருநூறு முந்நூறு ரூபாய்ச் சாமான். அதைப் பழைய கணினியின் அலுமினியத் துண்டு ஒன்றில் ஒட்டி, மேல் பக்கத்தில் மண்ணெண்ணெய் விளக்கின் கரியைப் படிய வைத்தார். கரி ஏறத்தாழ எந்த நிற ஒளியையும் விழுங்கிச் சூடாகி விடும். அந்தச் சூட்டை மல்டிமீட்டரில் மில்லிவோல்ட்டாகப் படிக்கலாம்.

எத்தனை மில்லிவோல்ட்டுக்கு எத்தனை மில்லிவாட் என்று எப்படி அறிவது? அதற்கு அவர் செய்த உபாயம் என்னை மிகவும் கவர்ந்தது. 100 ஓம் மின்தடை ஒன்றை அதே முகத்தில் ஒட்டி அதற்கு ஒரு வோல்ட் கொடுத்தார். ஒன்றை ஒன்றால் பெருக்கி நூறால் வகுத்தால் ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு, அதாவது சரியாகப் பத்து மில்லிவாட் சூடு. அப்போது மல்டிமீட்டர் ஒரு மில்லிவோல்ட் காட்டியது. படிக்கல் கிடைத்து விட்டது. யாரும் சீட்டு ஒட்டித் தராமல் நாமே ஓம் விதியைக் கொண்டு செய்து கொண்ட படிக்கல்! பத்தில் ஒரு மில்லிவோல்ட்டுக்குக் குறைவாக அந்த மல்டிமீட்டர் காட்டாது. மின்விசிறி சுழன்றாலும், அருகில் ஒருவர் மூச்சு விட்டாலும் எண் நழுவும். வேர்த்து வழிய, மூச்சை அடக்கிக் கொண்டு நாங்கள் அளந்த கோலத்தைக் கண்டு வீட்டில் சிரித்தார்கள்.

முதலில் சிவப்பை வைத்தோம். இரு கருவிகளும் ஒத்துப் போயின. பிறகு, சோதித்ததற்கு நன்றியாகக் கடைக்காரத் தம்பி கொடுத்திருந்த ஊதாப் பேனாவை வைத்தோம். வாங்கிய கருவி 4.1 என்றது. கரித் தகடு 1.2 மில்லிவோல்ட் தந்தது. அதாவது 12 மில்லிவாட்.

என் முதல் எண்ணம் மாணவரின் தகட்டில் பிழை என்பதே. ஒன்பதாயிரம் கொடுத்தது தவறாது, முந்நூறு ரூபாய்ச் சாமான்தான் தவறும் என்று மனம் எவ்வளவு விரைவாகத் தீர்ப்பளித்து விடுகிறது பாருங்கள். அவர் மீண்டும் மீண்டும் அளந்து விட்டு, தயக்கத்தோடு, “ஹஜ்ரத், கருவியோட வந்த புத்தகத்தைப் பார்த்தீங்களா?” என்றார்.

பார்த்திருந்தேன். பெரிய எழுத்தில் இருந்ததை மட்டும். கடைசிப் பக்கத்தில் எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் ஓர் அட்டவணை இருந்தது. கண்ணாடி வாங்காத என் கண்ணுக்கு அது சாம்பல் நிறக் கட்டமாகத்தான் தெரிந்திருந்தது. அவர் படித்துச் சொன்னார். கருவி 633 நானோமீட்டர் சிவப்பு ஒளிக்கே சரி செய்யப்பட்டது, பிற நிறங்களுக்குத் திரையில் வரும் எண்ணைக் குறிப்பிட்ட எண்ணால் பெருக்க வேண்டும். ஒரே வலுவுள்ள ஒளியானாலும் சிவப்புக்கு சிலிக்கான் தரும் மின்னோட்டத்தை விடப் பச்சைக்குக் குறைவு, 405 நானோமீட்டர் ஊதாவுக்கு மிகக் குறைவு. என் கருவியின் அட்டவணையில் ஊதாவுக்கு நேரே ஏறத்தாழ மூன்று என்றிருந்தது. நாலை மூன்றால் பெருக்கினால் பன்னிரண்டு.

மூலத்தை மட்டும் படித்து விட்டு ஓரத்தில் இருக்கும் ஹாஷியாவைத் தாண்டிப் போகிற மாணவனை நான் எத்தனை முறை எழுப்பி நிறுத்தியிருக்கிறேன் என்று அந்த மாணவருக்கும் தெரியும். மரியாதை கருதி அவர் அதைச் சொல்லவில்லை.

ஊதாவின் ஆபத்து அத்தோடு முடிவதில்லை. அந்த நிறத்தை நம் கண் பச்சையை விடப் பல நூறு மடங்கு மங்கலாகவே உணர்கிறது. ஆகவே கூச்சம் எழாது, இமை மூடத் தோன்றாது. மங்கலாகத் தெரிகிறது என்பதால் கண்ணுக்குள் நுழையும் வலுவோ குறைவதில்லை. வெள்ளைத் தாளிலும் சலவை செய்த வெள்ளை ஜுப்பாவிலும் பட்டால், துணியில் தங்கியிருக்கும் வெண்மைச் சரக்கு நீலமாக ஒளிர்ந்து அழகு காட்டும். பிள்ளைகளை இழுப்பது அந்த நீலம்தான்.

பச்சை விளக்கின் கதையையும் அன்றே முடித்தோம். மலிவான பச்சை விளக்குகளில் பச்சை நேரடியாகப் பிறப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத 808 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி ஒரு படிகத்தைத் தூண்டி 1064 ஆக மாறி, இன்னொரு படிகத்தில் பாதியாகி 532 நானோமீட்டர் பச்சையாக வெளிவருகிறது. மீந்து போகும் அகச்சிவப்பைத் தடுக்க ஒரு வடிகட்டிக் கண்ணாடி வைக்க வேண்டும். விலையைக் குறைப்பதற்காகச் சிலர் அதை விட்டு விடுகிறார்கள். மேற்சொன்ன நிஸ்ட் நிறுவனத்தார் 2010இல் சோதித்த ஒரு விளக்கு பச்சையை மங்கலாகக் காட்டிக் கொண்டே, ஏறத்தாழ 20 மில்லிவாட் அகச்சிவப்பை உமிழ்ந்ததாம். வீட்டிலேயே இதைக் கண்டறிய அவர்கள் சொன்ன வழி எளிது. கதிரைப் பாட்டு கேட்கும் சிடி தட்டில் படவிட்டு, சிதறும் ஒளியைத் தாளில் விழச் செய்து, கணினிக் காமிராவால் பார்ப்பது. அந்தக் காமிராவுக்கு அகச்சிவப்பு தெரியுமா என்பதைத் தொலைக்காட்சி ரிமோட்டை அழுத்திப் பார்த்து அறிந்து கொள்ளலாம். நாங்கள் கைபேசியின் முன்புறக் காமிராவைப் பயன்படுத்தினோம். தாளில் வெறுங்கண்ணுக்கு இரண்டு பச்சைப் பொட்டுகள் மட்டும் தெரிந்தன. காமிராவில் அவற்றின் இடையே மூன்றாவதாக வெளிறிய பொட்டு ஒன்று இருந்தது.

கரித் தகட்டில் அந்த விளக்கின் மொத்த வலு 41 மில்லிவாட். பழைய ஸ்லைடு புரொஜக்டரிலிருந்து கழற்றிய, வெப்பத்தை மட்டும் தடுக்கும் கண்ணாடியை இடையில் வைத்துக் கணக்கிட்டதில் பச்சை 27, அகச்சிவப்பு 14 என்று வந்தது. இரண்டொரு மில்லிவாட் முன்பின் இருக்கலாம். முதலில் கண்ட 32 என்பது பச்சையைக் குறைத்தும் அதனோடு அகச்சிவப்பைச் சேர்த்தும் கருவி சொன்ன கலப்பட எண். நோட்டுப் புத்தகத்தில் அதை அடித்து விட்டு, எல்லாவற்றையும் மதுரை மருத்துவருக்கு எழுதி அனுப்பினேன். மருமகனின் வடு பெரிதாகவில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டி வருகிறோம். புள்ளி இன்னும் இருக்கிறதா என்று கேட்டால் “பழகிடுச்சு மாமா” என்கிறான்.

அன்று இஷா தொழுத கையோடு கடைக்காரத் தம்பியிடம் போனேன். சந்தனக்கூடு முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். “நீங்க சொன்னீங்கன்னுதானே ஹஜ்ரத் வித்தேன்” என்று மட்டும் சொல்லி விட்டு மீதி இருந்தவற்றை எடுத்து வைத்தார். என்னிடம் இருந்த ஒன்று போக எட்டு இருந்தன. ஒன்று 150 ரூபாய் வீதம் 1,200 ரூபாயை அவர் மறுக்க மறுக்கக் கொடுத்து வாங்கி, பொத்தான்களை உடைத்தேன். விற்றவை மூன்று. ஒன்று அடுத்த தெரு. மற்றொன்று தொண்டியில் அவருடைய உறவினர் வீடு. மறுநாளே பேருந்து ஏறிப் போய் வாங்கி வந்தேன், அந்த வீட்டுப் பிள்ளை அழுதது. மூன்றாவதைச் சந்தனக்கூட்டுக் கூட்டத்தில் வாங்கிச் சென்ற குடும்பம் எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. பச்சைத் துப்பட்டி அணிந்த ஒரு தாயும் ஏழெட்டு வயதுப் பையனும் என்பதே அவர் நினைவில் இருந்தது.

ஆகவேதான் இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். பேனா கறுப்பு நிற உலோகம், சுண்டுவிரலை விடச் சற்றுப் பருமன், பொத்தான் பக்கவாட்டில். ஒளி ஊதா. மஞ்சள் சீட்டில் 5 மில்லிவாட்டுக்குக் குறைவு என்றிருக்கும். அடியில் நீல மையில் ஒரு ‘சரி’க் குறி இருக்கும், அது என் சொல்லை நம்பிப் போட்டது. தங்கள் வீட்டிலோ, தங்களுக்குத் தெரிந்த வீட்டிலோ அது இருந்தால், தயவு செய்து பின்பக்கத்தைத் திருகி பாட்டரியை எடுத்து விட்டு, பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். நானே வந்து வாங்கிக் கொள்கிறேன்.